அக்கா இன்னும் போகச் சொல்லல

இது நடந்தது. நடந்த இடத்தில் நான் நின்றேன். என்னோடு இன்னொரு பெண்ணும் நின்றார். பல்கலைக்கழகத்துக்கு விரிவுரையாளராக வருவதற்கு முன் பல வருடங்கள் பத்திரிகையில் வேலை செய்தவள் நான். கேள்விப்பட்டதை ஒரு பக்கமும் கண்ணால் கண்டதை இன்னொரு பக்கமும் வைத்து எழுதப் பழகியவள். பேய் இருக்கிறதா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் தெரியாது என்றுதான் சொல்வேன். ஆனால் 2020 மார்ச் 26, வியாழக்கிழமை பின்னேரம், விடுதி நடைபாதையின் தொங்கலில், கடைசி மூலையில், ஒருத்தி நின்றாள். அது எனக்குத் தெரியும்.

பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். விடுதியின் பெயரும் வேண்டாம். கண்டியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். மலைச்சரிவில் கட்டிய பழைய மூன்று மாடிக் கட்டடம். முன்பக்கம் புல்வெளி. பின்பக்கம் செங்குத்தான பள்ளம், கீழே மூங்கில் புதர், அதற்கும் கீழே ஆறு.

மார்ச் நடுப்பகுதியில் வளாகத்தை ஒரே நாளில் மூடினார்கள். காலையில் அறிவித்தல், மத்தியானம் கழிவதற்குள் விடுதி காலி. பிள்ளைகள் சூட்கேசை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். கண்டிக் கடைகளில் முகக்கவசம் இல்லை. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். "ரெண்டு கிழமைதானே மிஸ்" என்று சிரித்தார்கள். கொடியில் காய்ந்த உடுப்புகளைக்கூட எடுக்கவில்லை.

பிறகு ஊரடங்கு. என் வீடு வவுனியாவில். இடையிடையே சில மணி நேரம் தளர்த்தினாலும் மாவட்டம் தாண்ட முடியாது. பெண்கள் விடுதியின் உப பொறுப்பாளர் என்பதால் கீழ்மாடியில் எனக்கு ஓர் அறை இருந்தது. அதிலேயே தங்கிவிட்டேன். துப்புரவு வேலை செய்யும் பாலம்மாவும் அகப்பட்டுக்கொண்டார். அவருடைய ஊர் பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். வாசலில் காவலுக்கு சாஹுல் ஹமீது, நானா என்றுதான் கூப்பிடுவோம். அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு நாங்கள் மூன்று பேர்.

சனம் போனதும் குரங்குகள் வந்தன. சிற்றுண்டிச்சாலைக் கதிரைகளில் ஏறி இருந்தன. விரிவுரை மண்டபத்தின் உடைந்த யன்னல் வழியாக உள்ளே போய் வாங்குகளில் வரிசையாக அமர்ந்திருந்தன.

"அட்டெண்டன்ஸ் நல்லாருக்குங்க மிஸ்" என்றார் பாலம்மா. "ஒருத்தரும் கட் அடிக்கல."

அந்தக் குரங்குகள் எங்கள் விடுதிக்கும் வந்தன. கீழ்மாடியில் சோப்புக்கட்டியைத் தூக்கின. இரண்டாம் மாடியில் தலையணையைக் கிழித்தன. மூன்றாம் மாடிக்கு மட்டும் ஒன்றும் ஏறவில்லை. அன்றைக்கு அதை நான் யோசிக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை காலை என்னுடைய முதல் இணையவழி விரிவுரை. மடிக்கணினியை அலுமாரியின் மேல் வைத்து, அதற்கு முன்னால் எழும்பி நின்று பேசினேன். பாதிப் பிள்ளைகள் வரவில்லை. தோட்டப்புறத்துப் பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை. அங்கெல்லாம் மலை உச்சிக்கு ஏறினால்தான் சிக்னல். எனக்கு அந்த மென்பொருள் பிடிபடவில்லை. கடைசி வருட மாணவி ஞானேஸ்வரிதான் சாவகச்சேரியில் தன் வீட்டிலிருந்து பொறுமையாகச் சொல்லித் தந்தாள்.

"மிஸ், உங்கட குரல் கேக்குது. முகம்தான் தெரியேல்ல."

"இப்ப?"

"இல்லை மிஸ். இடப்பக்கம் ஒரு கமெராப் படம் இருக்குமெல்லோ, அதை அமத்துங்கோ. அவசரப்படாதேங்கோ மிஸ், நாங்கள் இருக்கிறம்."

விடுதி மாணவர் குழுவின் தலைவியும் அவள்தான். அவளைப் போலப் பணிவான பிள்ளையை நான் கண்டதில்லை என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை இராணுவம் வந்து கட்டடத்தைப் பொறுப்பேற்கும் என்று முதல்நாள் சொல்லியிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை அங்கே தனிமைப்படுத்தி வைக்கப்போகிறார்கள். அதற்குள் அறைகளை ஒதுக்க வேண்டும். பிள்ளைகளின் சாமான்களை அரிசிச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, அறை இலக்கம் எழுதி ஒட்ட வேண்டும். பிறகு குளோரின் கலந்த தண்ணீரால் தரை கழுவ வேண்டும். வியாழன் பின்னேரம் மூன்றாம் மாடிக்கு வந்தோம். வெளியே மழை இருட்டு. மின்சாரம் இல்லை. நடைபாதையில் சாம்பல் நிற வெளிச்சம் மட்டும்.

பாலம்மா வாளியை வைத்துவிட்டுத் தரையைக் கழுவத் தொடங்கினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளைச் சுவரில் தோள் உயரத்துக்கு ஓர் அழுக்குக் கோடு. நடைபாதையின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல் மட்டும் ஓடியது.

அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். இந்த நாட்டில் பல்கலைக்கழகம் போன எல்லாருக்கும் தெரியும்.

பகிடிவதை. சட்டப்படி குற்றம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அந்த நோட்டீசுக்குக் கீழேதான் நடக்கும். முதல் வருடப் பெண்பிள்ளைகள் இரட்டைப் பின்னல் போட வேண்டும். நடைபாதையின் நடுவில் நடக்கக் கூடாது. தோள் சுவரில் உராய, ஓரமாகத்தான் நடக்க வேண்டும். அக்காமாரின் முகத்தைப் பார்க்கக் கூடாது. சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. அக்காமார் ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள். அதற்குக் கார்ட் என்று பெயர். அந்தக் கார்டுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். சுவரைப் பார்த்து நில் என்றால் நிற்க வேண்டும். நிறுத்திய அக்காவே 'போ' என்று சொல்லும்வரை நகரக் கூடாது. வேறு யார் சொன்னாலும் செல்லாது. விரிவுரையாளர் சொன்னாலும் செல்லாது. அந்த அக்கா சொல்லாமல் போனவளோடு நாலு வருடமும் யாரும் பேச மாட்டார்கள்.

எங்கள் விடுதியில் இல்லை என்று நான் நம்பியிருந்தேன்.

"இங்க நடந்ததுங்க மிஸ்" என்றார் பாலம்மா, தலை நிமிராமலே. "மூடுன அன்னிக்கு நா மொப் பண்ண வந்தேன். எல்லாம் ஓடிருச்சுக. அந்தா, பாத்ரூமுக்குப் பக்கத்துல, அந்த மூலையில ஒரு புள்ள நிக்குது. செவத்தப் பாத்துக்கிட்டு. தலையில இருந்து கால் வரைக்கும் ஈரம். முதல் நாள் ராத்திரி தண்ணிய ஊத்தி நிக்க வச்சிருக்காளுக. விடியவிடிய நின்னுருக்கு. அப்புறம் மூடுற நியூஸ் வந்துச்சில்ல... நிக்க வச்சவளும் பெட்டியத் தூக்கிக்கிட்டு ஓடிட்டா. போன்னு சொல்ல மறந்துட்டா."

"பிறகு?"

"வா புள்ளன்னா வர மாட்டேங்குது. கையப் புடிச்சா நெருப்பாச் சுடுது. பேரு கேட்டேன், சொல்லல. புசல்லாவைன்னு மட்டும் சொல்லுச்சு. நம்ம தோட்டத்துப் புள்ள. தரதரன்னு இழுத்துட்டுப் போயி பஸ்ல ஏத்திவிட்டேன். பஸ்லயும் என்னயப் பாக்கல. சீட்டோட முதுகையே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

"யார் நிறுத்தினது?"

"எனக்கு எப்புடிங்க தெரியும்? நா கூட்டுறவ. என்கிட்ட சொல்லிட்டா செய்றாளுக?"

நான் ஒரு சாக்கைக் கட்டி ஒட்டினேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சர்ர்ர்... சர்ர்ர்...

துணி சுவரில் உராய்கிற சத்தம். நாங்கள் கடந்து வந்த பக்கம், மாடிப்படியிலிருந்து. பாலம்மா கழுவுவதை நிறுத்தினார்.

"குரங்காக்கும்" என்றேன்.

"குரங்கு செவத்த ஒரசிக்கிட்டா நடக்கும்?"

சர்ர்ர்... சர்ர்ர்... மெதுவாக, ஒரே அளவாக. எங்களுக்குப் பின்னால் வந்தது. எங்களைக் கடந்தது. நடைபாதையின் தொங்கலை நோக்கிப் போனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுவர் மட்டும்தான் இருந்தது.

பிறகு நின்றது.

மழை பிடித்துக்கொண்டது. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்திரிகைப் பழக்கம். 4.10.

ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு குளியலறைப் பக்கமிருந்து மூச்சுச் சத்தம். சளி கட்டிய நெஞ்சிலிருந்து வருகிற மூச்சு. கர்ர்... என்று இழுத்து, நின்று, மறுபடி கர்ர்...

நான் அந்தப் பக்கம் நடந்தேன். பாலம்மா என் பின்னால் வந்தார். அவருடைய கையில் விளக்குமாறு இருந்தது.

மூலைக்கு இரண்டு அடி இப்பால் அவள் நின்றாள்.

சுவருக்கும் மூக்குக்கும் ஒரு சாண்கூட இல்லை. இரட்டைப் பின்னல். நீளப் பாவாடை. கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டியிருந்தன. மெலிந்த முதுகு ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கியது.

எனக்குப் பயம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன். கோபம்தான் வந்தது. ஊரடங்குக்கு முன்னரே திரும்பி வந்துவிட்டாள், இத்தனை நாளும் ஏதோ ஓர் அறையில் ஒளிந்திருந்திருக்கிறாள் என்று நினைத்தேன். சனிக்கிழமை இராணுவம் வருகிறது. காய்ச்சலோடு இவளை இங்கே கண்டால் எங்கே கொண்டுபோவார்கள், எப்போது விடுவார்கள், யாருக்கும் தெரியாது. அதற்குள் அவளை அந்த மூலையிலிருந்து எடுத்து, வைத்தியரிடம் காட்டி, வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அது மட்டும்தான் என் மனதில் இருந்தது.

"பிள்ளை, ஏன் இஞ்ச நிக்கிறீர்?"

பின்னல்கூட அசையவில்லை.

"எப்ப வந்தனீர்? உம்மட பேர் என்ன?"

"பேரு சொல்லக் கூடாதுங்க மிஸ்."

குரல் மிக மெல்லியது. பக்கத்து அறையிலிருந்து கேட்பது போல.

"நான்தான் இந்த விடுதிக்குப் பொறுப்பு. நான் சொல்லுறன். வாரும், கீழ போவம்."

"அக்கா இன்னும் போகச் சொல்லல."

நான் கையை நீட்டினேன். உடனே இழுத்துக்கொண்டேன். அந்தக் கிழமை முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது அதுதான். தொடாதீர்கள். ஒரு மீற்றர் தள்ளி நில்லுங்கள். இவளுக்குக் காய்ச்சல், இருமல். எனக்குக் கையுறைகூட இல்லை.

பாலம்மா என் காதருகில் வந்தார்.

"மிஸ்... இதே புள்ளதான். நாந்தான் பஸ்ல ஏத்திவிட்டேன்."

"திரும்பி வந்திருக்கு."

"தரையப் பாருங்க மிஸ்."

பார்த்தேன். நடைபாதை முழுக்கக் குளோரின் தண்ணீர் நின்றது. அவளுடைய காலடியில் மட்டும் தரை காய்ந்து கிடந்தது. சரியாகப் பாத அளவுக்கு. தண்ணீர் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனது.

நான் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். என்ன காரணம் என்று இப்போது நினைவில்லை.

"எந்த அக்கா, பிள்ளை?"

மூச்சு இரண்டு முறை கர்ர் என்று இழுத்தது.

"ஞானாக்கா."

அந்தப் பெயர் விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. காலையில் கமெராப் படத்தை அமத்தச் சொன்ன ஞானேஸ்வரி. அவசரப்படாதேங்கோ மிஸ் என்று சொன்ன ஞானேஸ்வரி.

நான் சொன்னால் செல்லாது. தொடவும் முடியாது. அவள் சொன்னால் இவள் போவாள். ஒரு தொலைபேசி அழைப்பு. இவ்வளவு சுகமான வழி இருக்கும்போது வேறு என்ன யோசிப்பது?

அழைத்தேன். 4.15. இந்த நேரம் என் தொலைபேசியில் இன்னும் இருக்கிறது.

"சொல்லுங்கோ மிஸ். நாளைக்கும் வகுப்பு இருக்கோ?" பின்னால் தொலைக்காட்சிச் செய்தி. குக்கர் விசில்.

"ஞானேஸ்வரி, மூண்டாம் மாடியில ஒரு முதல் வருடப் பிள்ளையை நிக்க வச்சனீரோ?"

தொலைக்காட்சிச் சத்தம் தூரமானது. அவள் எழும்பி வேறு இடத்துக்குப் போகிறாள்.

"ஆர் மிஸ் சொன்னது?"

"இப்ப என்ர முன்னால நிக்கிறா. நீர் போகச் சொல்லேல்லையாம்."

"சும்மா பகிடிக்கு மிஸ்..." என்றாள். பிறகு சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தும் முடியாத சிரிப்பு. "ஐயோ, இன்னும் நிக்கிறாளோ? எங்கட கொழுந்தோ?"

தேயிலைக் கொழுந்து. தோட்டத்துப் பிள்ளைக்கு அவள் வைத்த கார்ட் அது.

நான் தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு, அதை அந்தப் பிள்ளையின் பக்கம் நீட்டினேன். ஒரு மீற்றர் தள்ளி நின்றுதான்.

"கொழுந்து!"

அந்த முதுகு விறைத்தது.

"ஆமாங்க அக்கா. கார்ட் கொழுந்து, அக்கா."

"சுவரைப் பாத்துக்கொண்டோ நிக்கிறாய்?"

"ஆமாங்க அக்கா."

"கால் நோகுதோ?"

"இல்லங்க அக்கா."

ஞானேஸ்வரியின் அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. காலையில் என்னோடு பேசிய தொண்டையிலிருந்துதான் அதுவும் வந்தது.

"ஞானேஸ்வரி. போகச் சொல்லும்."

"சரி சரி மிஸ், கோவிக்காதேங்கோ... கொழுந்து, போ."

அவள் அசையவில்லை.

"எங்க அக்கா போறது?"

"எங்கயாவது போய்த் துலை."

மூச்சுச் சத்தம் நின்றது.

"சரிங்க அக்கா."

அவள் திரும்பவில்லை. முகம் சுவரைப் பார்த்தபடியே பக்கவாட்டில் நகர்ந்தாள். தோள் சுவரில் உராய்ந்தது.

சர்ர்ர்...

மூலையை நோக்கி.

மூலையில் வழி இல்லை. சுவரும் சுவரும் சேருகிற இடம். அதற்கு அப்பால் மூன்று மாடி உயரத்துக்கு வெறும் காற்று. கீழே பள்ளம்.

சர்ர்ர்... சர்ர்ர்...

மூலை வந்தது.

சத்தம் நிற்கவில்லை.

அவள் அங்கே இல்லை. சத்தம் மட்டும் சுவருக்கு அப்பால்... வெளியே... மழைக்குள்... தள்ளித் தள்ளிப் போனது.

சர்ர்ர்...

பாலம்மா "முருகா" என்றார்.

தரையில் இரண்டு காய்ந்த பாதங்கள். விரல்கள் சுவரைப் பார்த்தபடி. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் அவற்றின் மேல் ஏறியது.

"மிஸ்?" கையில் தொலைபேசி பேசியது. "போயிட்டாளோ?"

நான் தொலைபேசியைக் காதில் வைத்தேன்.

"மிஸ்... அங்க ஆர் அழுறது?"

"ஒருத்தரும் அழேல்ல."

"இல்லை மிஸ். கேக்குது. கன பொம்பிளையள் அழுகினம்."

நடைபாதையில் மழையின் சத்தம் மட்டும்தான் இருந்தது. நான் தொடர்பைத் துண்டித்தேன். 4.18.

நாங்கள் எப்படிக் கீழே வந்தோம் என்று இருவருக்கும் தெரியாது. சாஹுல் ஹமீது நானா வாசலில் பேக்கரிப் பாணை மழைக்கு மறைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன மிஸ், ரெண்டு பேரும் ஜின் கண்ட மாதிரி ஓடி வாறீங்க?"

"வாசல் கேற்றால ஒரு பிள்ளை வந்ததோ நானா? இந்தக் கிழமைக்குள்ள?"

"ஒரு பூனை கூட வரல்ல மிஸ். பூட்டு போட்டீக்கி, தொறப்பு என்கிட்ட ஈக்கி. நீங்க ரெண்டு பேரும் கூட இந்தக் கிழமை வெளிய போகல்லையே."

அன்றிரவு பாலம்மா என் அறைத் தரையில் பாய் விரித்துப் படுத்தார். வாசற்படியில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். நான் தடுக்கவில்லை.

மறுநாள் காலை ஞானேஸ்வரியிடமிருந்து குறுஞ்செய்தி. "மிஸ், அடுத்த விரிவுரை எத்தினை மணிக்கு? குழுவில போட்டு விடுறன்." கீழே கைகூப்பிய படம். அழுகைச் சத்தத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. அதன் பிறகும் அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. அவளுக்கு எதுவும் ஆகவில்லை. நல்ல சித்தி பெற்று வெளியேறினாள். இப்போது ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள்.

சனிக்கிழமை இராணுவம் வந்தது. மூன்றாம் மாடி முழுக்கக் கட்டில் போட்டார்கள். எனக்குக் குண்டசாலையில் ஒரு வீட்டில் தங்க ஒழுங்கு செய்து தந்தார்கள். புசல்லாவையிலிருந்து வந்த முதல் வருடப் பிள்ளை என்று விடுதி அலுவலகத்தில் கேட்டு அவளுடைய வீட்டுத் தொலைபேசி இலக்கத்தை எடுத்தேன். ஒவ்வொரு நாளும் அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் மூன்று மொழியிலும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சோர்ந்துவிடவில்லை, உள்ளூர நிம்மதிப்பட்டேன். சிக்னல் இல்லாத இடத்தில் அவள் பத்திரமாக இருக்கிறாள் என்று நினைக்க அது இடம் தந்தது.

ஜூன் மாதம் பஸ்கள் ஓடத் தொடங்கின. அவளுடைய சாமான் சாக்கைத் தூக்கிக்கொண்டு நானே புசல்லாவைக்குப் போனேன். பிரதான வீதியில் இறங்கி, தேயிலை மலைக்கு நடுவே முச்சக்கர வண்டியில் ஏறி, கடைசியில் நடந்து, தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தை அடைந்தேன்.

வாசலில் ஒரு மனிதர் விறகு பிளந்துகொண்டிருந்தார். ராஜலிங்கம். பிள்ளையின் தகப்பன். பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறேன் என்று சாக்கை இறக்கியதும் கோடரியைக் கீழே வைத்தார். பிளாஸ்டிக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்தில், எட்டத்தில் போட்டார். நான் முகக்கவசத்தோடே இருந்தேன்.

"யோகமலரோட சாமானுங்களா?" என்றார்.

அவளுடைய பெயரை அன்றைக்குத்தான் ஒருவர் வாயால் கேட்டேன்.

"பஸ்ஸ விட்டு எறங்குறப்பவே காச்சலுங்க. இருமல். டவுன்ல இருந்து கொரோனாவக் கொண்டாந்துட்டான்னு தோட்டம் பூராப் பேச்சு. பைப்புல தண்ணி புடிக்க விடல. பக்கத்துக் காம்பராக்காரங்க கதவச் சாத்திக்கிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கேட்டேன். ஒருத்தனும் ஏத்த மாட்டேன்னுட்டான். செத்ததுக்குப் பொறவு டெஸ்ட் எடுத்தாங்க. கொரோனா இல்லையாம். நெஞ்சுச் சளியாம்."

"எப்ப..." என்று தொடங்கினேன்.

"மார்ச்சு இருபத்தாறு. வியாழக்கெழம. சாயந்தரம் நாலே கால் தாண்டியிருக்கும்."

அவர் விறகுத் துண்டு ஒன்றை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடைசி நாள் எந்திரிச்சு நின்னுருச்சுங்க. செவத்தப் பாத்துக்கிட்டு. படு ஆத்தான்னா படுக்கல. அக்கா இன்னும் போகச் சொல்லலன்னு அதயே சொல்லுச்சு. எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. அதுக்கு அக்கா கெடையாதுங்க. அதுதான் மூத்தது... நா என்ன நெனச்சேன்னா, சரி நிக்கட்டும், நிக்கிற புள்ள பொழச்சிரும்னு நெனச்சேன். அந்த நிப்புதாங்க உசிரப் புடிச்சு வச்சிருந்துச்சு."

உள்ளே கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டது.

"அப்பத்தான் யாரோ வந்தாங்க. நா பாக்கல. புள்ளயப் புடிச்சுக்கிட்டு இருந்தேன். எங்க வீட்டுக்காரிதான் பாத்துச்சு. வாசப்படியில ஒரு பொம்பள நின்னுச்சாம். உள்ள வரலையாம். எட்டவே நின்னு, கையில ஒரு போன நீட்டிக்கிட்டு. ஆஸ்பத்திரியில இருந்து வந்த நோனான்னு நெனச்சுச்சாம். போன்ல யாரோ பேசுனாங்களாம். புள்ள சரிங்க அக்கான்னுச்சு. அது என் காதுல விழுந்துச்சுங்க. அதோட சாஞ்சிருச்சு. நாங்க கத்துனோம். நிமிந்து பாத்தா வாசல்ல ஆளு இல்ல. ஊரடங்குல யாரு எப்புடி வந்தாங்கன்னு இன்னிவரைக்கும் தெரியல."

உள்ளேயிருந்து அவருடைய மனைவி வந்தார். ஒரு தட்டில் தேநீர். அவருடைய பாவாடைக் கரையைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு வயதில் ஒரு பெண்பிள்ளை.

தேநீரை வாங்குவதற்காக எழுந்தேன். முகக்கவசத்தைக் கீழே இறக்கினேன்.

அந்தத் தாய் நின்றுவிட்டார். கத்தவில்லை. தட்டை மெதுவாகக் குனிந்து நிலத்தில் வைத்தார். என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு கையால் பிள்ளையைத் துழாவித் தனக்குப் பின்னால் தள்ளினார்.

"மறுபடியும் எதுக்குங்க வந்தீங்க?" என்றார்.

நான் முகக்கவசத்தை மேலே இழுத்தேன்.

"இது சின்னதுங்க" என்றார் அவர். "இத விட்டுருங்க."